ஏழடி அகலத்தில் எட்டு பெர்த்

சைடு அப்பரா? உட்காருங்க தம்பி, உட்காருங்க. பகல்ல இந்த சீட்டு நம்ம ரெண்டு பேருக்கும் பொது. ரூல் அதுதான். எனக்குத் தெரியாத ரூலா? முப்பத்தாறு வருஷம் பொன்மலை ரயில் பட்டறையில தச்சனா இருந்தவன். பேரு சவரிமுத்து. உங்க தோள் பக்கத்துல இருக்கே அந்தப் பலகை, அதை லேசாத் தட்டிப் பாருங்க. சும்மா தட்டுங்க, யாரும் கேக்க மாட்டாங்க. கேட்டுச்சா? உள்ள ஒரு ஸ்க்ரூ லூசு.

திருச்சியா? நல்லதாப் போச்சு, நானும் திருச்சிதான். நான் இங்கிலாந்துல இருந்து வரேன். ஆமா, இந்த வேட்டியோடதான் போனேன், இந்த வேட்டியோடதான் வரேன். வந்து அஞ்சு நாள் ஆச்சு. மெட்ராஸ்ல என் தங்கச்சி லூர்து வீட்ல இருந்துட்டு இப்பத்தான் ஊருக்குப் போறேன். எதுக்கு இங்கிலாந்து போனேன்னு நீங்க கேக்கலை பாருங்க. ஒரு படகுக்குள்ள தச்சு வேலை பாக்கப் போனேன்.

சிரிக்காதீங்க. என் பொண்ணு ஜெசிந்தா அங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். வயசு முப்பத்தி நாலு. கல்யாணம் ஆகல. அதைப் பத்தி எங்க வீட்டம்மாகிட்ட கேட்டீங்கன்னா இந்த வண்டி கன்னியாகுமரி போய்த் திரும்பி வர்ற வரைக்கும் சொல்லுவா. இந்தப் பொண்ணு எல்லாரையும் மாதிரி வாடகை வீட்லதான் இருந்தா. போன வருஷம் திடீர்னு போன் பண்ணி, "அப்பா, ஒரு போட் வாங்கிட்டேன், இனிமே அதுலதான் இருக்கப் போறேன்"ங்கறா. பர்மிங்காம் பக்கத்துல ஒரு கால்வாய். நம்ம உய்யக்கொண்டான் வாய்க்கால் மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுல வரிசையா இரும்புப் படகைக் கட்டிப் போட்டு உள்ள குடித்தனம் பண்றாங்க. அடுப்பு, கட்டில், கக்கூஸ் எல்லாம் உள்ளயே.

பிலோமினா, அதான் எங்க வீட்டம்மா, அன்னைக்கு சாப்பிடவே இல்ல. "படகுல குடியிருக்கவா பொண்ணை நர்சிங் படிக்க வெச்சோம்?"னு ஒரே அழுகை. அப்புறம் அங்க ஒரு குளிர்காலம் வந்துச்சு. அந்தப் படகு உள்ளுக்குள்ள பழசு. சுவத்துல தண்ணி வடியுது, துணியெல்லாம் பூஞ்சை. போன்ல பேசினா பாதி பேச்சு, பாதி இருமல். அம்மாவுக்கும் பொண்ணுக்கும் பெரிய பஞ்சாயத்து. கடைசியில ஜெசி சொன்னா: "சரிம்மா, அடுத்த குளிருக்குள்ள இதை உள்ள பூரா பிரிச்சு, புதுசாப் பலகை அடிச்சு, கதகதப்பா மாத்தறேன். முடியலைன்னா வித்துட்டு ஊருக்கே வந்துடறேன், நீ சொல்ற மாப்பிள்ளையைப் பாக்கறேன். முடிஞ்சிருச்சுன்னா, அதுக்கப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது."

பிலோமினா என் பக்கம் திரும்பினா. "ஏங்க, நீங்க போங்க. அது வீடா இல்லையான்னு பார்த்து நீங்களே சொல்லுங்க. நீங்க இல்லைன்னு சொல்லிட்டா அவ வந்துதானே ஆகணும்?"

என் நிலைமையைப் பாருங்க தம்பி. பலகையைப் பிடிச்சு செப்பனிடப் போறதும் நானு, பாஸா பெயிலான்னு சொல்லப் போறதும் நானு. நல்லா செஞ்சேன்னா பொண்ணு வரமாட்டா. மோசமா செஞ்சேன்னா வந்துடுவா. எனக்கு அவ வரணும். மறைக்க என்ன இருக்கு, அவ போன நாள்ல இருந்து எனக்கு வீட்ல சோறு ஒட்டல. ஆனா மோசமா எப்படி செய்யறதுன்னு எனக்குத் தெரியாதே! பட்டறையில அதுக்கு ட்ரெயினிங் குடுக்கல.

செப்டம்பர்ல போய் இறங்கினேன். படகுக்குள்ள காலை வெச்சதும் புல்லரிச்சுப் போச்சு. நீளம் ஐம்பத்தேழு அடி. அகலம் ஏழடிக்கு ரெண்டு இஞ்ச் கம்மி. ரெண்டு பக்கமும் சன்னல், நடுவுல நடை. தம்பி, அது படகே இல்ல. போகி! சக்கரத்தைக் கழட்டிட்டுத் தண்ணியில விட்டிருக்கான் வெள்ளைக்காரன். நான் அங்கயே சத்தமா சிரிச்சுட்டேன். ஜெசி, "என்னப்பா?"ன்னா. "ஒண்ணுமில்லம்மா, நம்ம டிபார்ட்மெண்ட்தான்"னேன்.

மறுநாளே பழைய பலகையைக் கழட்ட ஆரம்பிச்சேன். கழட்டறதாவது, டீயில நனைச்ச பிஸ்கட் மாதிரி கையோட வந்துச்சு. பின்னாடி யாரோ ஒரு காலத்துல தெர்மோகோல் வெச்சிருக்கான். அது பொடிப் பொடியா உதிர்ந்து கீழ குமிஞ்சு கிடக்கு. இரும்புத் தகடு மொட்டையா நிக்குது. அப்புறம் தண்ணி ஏன் வடியாது? நாம விடற மூச்சு சூடா இருக்கு, வெளிய தகடு சில்லுனு இருக்கு. சோத்துப் பானை மூடியில ஆவி நிக்குதுல்ல, அதேதான். என் பொண்ணு ஒரு வருஷமா பானைக்குள்ள படுத்திருந்திருக்கா.

வேலை என்னன்னா, தகட்டைச் சுரண்டி, துருவுக்குப் பெயிண்ட் அடிச்சு, ரீப்பர் கட்டையை வரிசையா நிறுத்தி, நடுவுல இன்சுலேஷனை அடைச்சு, ஆவி உள்ள போகாம ஒரு தாளை ஒட்டி, மேல பலகை அடிக்கணும். ஏசி கோச்சுக்கு நான் ஆயிரம் தடவை பார்த்த வேலை. அங்க குளிர் வெளிய போகக் கூடாது, இங்க குளிர் உள்ள வரக் கூடாது. கதவுக்கு எந்தப் பக்கம் தாழ்ப்பாள்ங்கறதுதான் வித்தியாசம். ஜெசி அடைக்கறதுக்கு மூட்டை மூட்டையா ஆட்டு ரோமம் வாங்கி வெச்சிருந்தா. நிஜ ஆட்டு ரோமம் தம்பி! நாம கம்பளியைப் போர்த்திக்குவோம், அவங்க சுவத்துக்குப் போர்த்தறாங்க. மழை ஈரம் பட்டா படகு பூரா கிடாய் வாசனை. பிலோமினாகிட்ட போன்ல, "பொண்ணு நல்லாத்தான் இருக்கா, வீட்ல ஆடு வாசம் அடிக்குது, வேற குறையில்ல"ன்னேன். அதுக்கு அவ ஏன் அழுதான்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியல.

ஒரே ஒரு பிரச்சினை, ரசமட்டம். ரீப்பர் நேரா நிக்குதான்னு பாக்க ரசமட்டத்தை வெச்சா, உள்ள இருக்கற குமிழி நிக்கவே மாட்டேங்குது. இந்தப் பக்கம் ஓடுது, அந்தப் பக்கம் ஓடுது. பொன்மலையில பூமியே ரசமட்டம். இங்க நான் இடது கையால மூக்கைச் சொறிஞ்சா குமிழி இடது பக்கம் வருது. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அளப்பேன். அந்த நேரம் பார்த்து பக்கத்துப் படகுக்காரர் கிரகாம் சார், "குட் மார்னிங்"னு ஏறி உள்ள வருவாரு. ஆள் நூறு கிலோ. குமிழி எங்கயோ போயிடும்.

அன்னப்பறவை ஒண்ணும் இருந்துச்சு. நம்ம ஊர்ல அன்னம் குத்துவிளக்கு உச்சியில உட்கார்ந்திருக்கும், பாலையும் தண்ணியையும் பிரிக்கும்னு சொல்லுவாங்க. அங்க இருக்கறது எதையும் பிரிக்கல தம்பி. கரையில காயப் போட்டிருந்த என் இன்னொரு வேட்டியைக் கவ்விக்கிட்டுத் தண்ணியில இறங்கிடுச்சு. நான் கத்தறேன், அது திரும்பிக்கூடப் பாக்கல, ராணி மாதிரி போகுது. அதுல இருந்துதான் ஒரே வேட்டி.

கிரகாம் சாரைப் பத்திச் சொல்லணும். ரிட்டயர்டு வாத்தியார், தனி ஆள். எனக்கு இங்கிலீஷ் பட்டறை இங்கிலீஷ்தான். அவருக்குத் தமிழ் சுத்தம். ஆனா முதல் நாளே நான் படகைக் காட்டி, "லைக் ரயில்வே கோச்"னேன். மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே! அவருக்கு ரயில்னா உசுரு. ஸ்டேஷன்ல நின்னு எஞ்சின் நம்பரை நோட்டுல எழுதற கூட்டம் அங்க ஒண்ணு இருக்கு. அந்தச் சங்கத்துக்கு இவர்தான் செயலாளர். அன்னைல இருந்து தினம் வந்து எனக்கு ஸ்க்ரூ எடுத்துக் குடுப்பாரு. நான் "லோயர், மிடில், அப்பர்"னு படம் போட்டுக் காட்டுவேன். அவர் "மார்வலஸ்"ம்பாரு. எங்களுக்குள்ள ஒரு நாள் சண்டை வந்ததில்ல.

முன் பக்க சமையல் இடத்தை முடிச்சுட்டு நடுப் பகுதிக்கு வந்தேன். "இங்க என்னம்மா வேணும்?"னு கேட்டேன். "ஒரு சோபா, ஒரு புத்தக அலமாரி. போதும்ப்பா"ன்னா.

ஒரு சோபா! அவ்வளவு இடத்துல! எனக்கு மனசு கேக்கல தம்பி. எங்க ரயில்வே குவார்ட்டர்ஸ் ரெண்டே ரூம். அதுல நாங்க மூணு பேரு, என் அம்மா, லூர்து, அவ வீட்டுக்காரர், அவ பிள்ளைங்க ரெண்டு, மச்சினன் ஒருத்தன், மொத்தம் ஒன்பது பேர் இருந்தோம். ஜெசி பிறந்ததுல இருந்து ஒரு நிமிஷம் தனியா இருந்ததில்ல, அப்படி ராஜாத்தி மாதிரி வளர்த்தோம். படிப்புல அவளுக்கு எவ்வளவு ஆர்வம் தெரியுமா? பாத்ரூம்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படிப்பா. லூர்து வெளிய நின்னு கதவைத் தட்டித் தட்டிப் பேச்சுத் துணை குடுத்துக்கிட்டே இருக்கும். அப்புறம் ஜெசிக்கு மெட்ராஸ்ல வேலை கிடைச்சு ஒரு ரூம் எடுத்தா. லூர்து மூணு நாள் இருக்கலாம்னு போச்சு, ரெண்டு வருஷம் கூடவே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் ஜெசி இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டா. ஏன் அவ்வளவு தூரம்னு இன்னி வரைக்கும் எங்களுக்குத் தெரியல.

அப்படி வளர்ந்த பொண்ணு ஒத்தையா ஒரு சோபாவுல உட்கார்ந்திருக்கறதா? அப்பத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. வேலையை மோசமா செய்ய முடியாது. நல்லா செஞ்சா அவ ஊருக்கு வரமாட்டா. சரி, அவ வரலைன்னா நாம போவோம்! எல்லாரும் போவோம்!

இன்சுலேஷன் போக உள் அகலம் ஆறடி நிக்குது. இடது பக்கம் ரெண்டடி, நடை ரெண்டடி, வலது பக்கம் ரெண்டடி. இடது பக்கம் நீள வாக்குல மூணு அடுக்கு, அந்த மாதிரி ரெண்டு வரிசை. ஆச்சா, ஆறு. வலது பக்கம் சைடு லோயர், சைடு அப்பர். எட்டு! ரயில்ல ஒரு கேபினுக்கு எட்டு பெர்த். இங்கயும் கரெக்டா எட்டு. மாதாவே கணக்குப் போட்டுக் குடுத்த மாதிரி இருந்துச்சு. சைடு லோயரைத்தான் முதல்ல செஞ்சேன். இதோ நாம உட்கார்ந்திருக்கோமே, இதே மாதிரி எதிரெதிரா ரெண்டு சீட்டு, நடுவுல சன்னல், சாய்மானத்தை மடிச்சா படுக்கை.

ஜெசிகிட்ட சொல்லல. பின் பக்க ரூம்ல அவ கட்டில் இருந்துச்சு. நடுவுல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைத் தொங்க விட்டு, "தூசி வரும்மா, நான் சொல்ற வரைக்கும் இதைத் தூக்காத"ன்னு சொல்லிட்டேன். அவ கரை வழியாப் பின் கதவுல வருவா, போவா. பன்னெண்டு மணி நேர டியூட்டி. வந்தா தூங்குவா. பாவம், "சோபா வந்துருச்சாப்பா?"ன்னு ஷீட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேப்பா. "வந்துக்கிட்டே இருக்கும்மா"ம்பேன். கிரகாம் சார் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாரு.

கிரகாம் சார் பெர்த்துக்கு நம்பர் தகடு பண்ணிக் கொண்டு வந்தாரு, ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். நான் தண்ணி பாட்டில் வைக்க வலை அடிச்சேன். செருப்பு வைக்க இடம் விட்டேன். அபாயச் சங்கிலி வெச்சேன். சும்மா அலங்காரத்துக்கு இல்ல, இழுத்தா படகோட ஹாரன் அடிக்கற மாதிரி கிரகாம் சார் வயர் இழுத்துக் குடுத்தாரு. கதவுல சார்ட் ஒட்டினேன். ஒண்ணு லோயர் பிலோமினா. ரெண்டு மிடில் லூர்து. நாலு லோயர் லூர்து வீட்டுக்காரர், அவருக்கு முட்டி வலி. அப்புறம் பிள்ளைங்க, மச்சினன். சைடு லோயர் நான். ஜெசிக்கு மூணு, அப்பர். சின்னவ, ஏறிக்குவா. அவளோட பெரிய கட்டிலைப் பிரிச்சுக் கரையில வெச்சுட்டேன். ஒருத்திக்கு நாலடி அகலக் கட்டில் என்னத்துக்கு?

பெர்த் எல்லாம் முடிஞ்சுது. ஆனா டெஸ்ட் பண்ணாம பட்டறையில இருந்து ஒரு கோச்சை வெளிய விட முடியுமா? லோடு டெஸ்ட் உண்டு. எட்டு பேர் வேணும். கிரகாம் சார், "நோ ப்ராப்ளம்"னாரு. மறுநாள் காலையில ஏழு மணிக்கு அவர் சங்கத்துல இருந்து ஏழு பேரைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாரு. எல்லாரும் எழுபது வயசுக்கு மேல. ஒருத்தர் பிளாஸ்க்ல டீ, ஒருத்தர் விசில், ஒருத்தர் நிஜ கார்டு தொப்பி. நான் கதவுகிட்ட நின்னு சார்ட் பார்த்து ஒவ்வொருத்தரா உள்ள விட்டேன். "யூ லூர்து, மிடில்." "யூ பிலோமினா, லோயர்." கிரகாம் சாருக்கு மச்சினன் பெர்த். எல்லாரும் ஏறிப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல பாதிப் பேர் குறட்டை. என் வேலைக்கு அதை விட சர்டிபிகேட் வேணுமா?

அப்பத்தான் ஒரு சின்ன விஷயம் தெரிஞ்சுது. இடது பக்கம் ஆறு பேரு, வலது பக்கம் ரெண்டு பேரு. படகு மெதுவா இடது பக்கம் சாயுது. ரசமட்டத்தை எடுத்தேன், குமிழியே காணோம். சமையல் பக்கம் தட்டு ஒவ்வொண்ணா உருண்டு வருது. இடது சன்னல் கண்ணாடியில தண்ணி ஏறி நிக்குது. அதுல என்னடான்னா அந்த அன்னம், கழுத்தை நீட்டி உள்ள எட்டிப் பாக்குது.

அந்த நேரம் பார்த்து ஜெசி நைட் டியூட்டி முடிச்சு வந்தா. பின் கதவைத் திறந்தா அவ ரூம்ல கட்டில் இல்ல. ஷீட்டைத் தூக்கினா.

நான் கையை விரிச்சு, "சர்ப்ரைஸ்!"னேன்.

அவ பார்த்தா. கீழ இருந்து மேல, மேல இருந்து கீழ. எட்டு வெள்ளைக்காரக் கிழவனுங்க அவ வீட்ல சாய்வா தூங்கறாங்க. அவளோட மூணாம் நம்பர் அப்பர்ல கார்டு தொப்பிக்காரர் வாயைப் பிளந்துக்கிட்டு இருக்காரு. சார்ட்டைப் படிச்சா. லூர்து பேர் வந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னா. நேரா நடந்து வந்தா, கையைத் தூக்கினா, அபாயச் சங்கிலியைப் பிடிச்சு இழுத்தா.

ஹாரன்னா ஹாரன்! கால்வாய் பூரா அதிருது. எட்டுப் பேரும் துள்ளி எழுந்து அப்படியே வலது பக்கம் குதிச்சாங்க. படகு வலது பக்கம் சாஞ்சுது. விசில்காரர் பயத்துல விசில் ஊதிட்டாரு. அதைக் கேட்டு எல்லாரும் இடது பக்கம் ஓடினாங்க. அன்னம் பறந்தே போச்சு. ஒரு வழியா படகு நேரா நின்னப்ப உள்ள யாரும் இல்ல, எல்லாரும் கரையில நின்னு கை தட்டறாங்க. சங்கிலி அவ்வளவு கச்சிதமா வேலை செஞ்சுது. தேவையில்லாம இழுத்தா அபராதம்னு பக்கத்துல எழுதித்தான் வெச்சிருந்தேன். சொந்தப் பொண்ணு, விட்டுட்டேன்.

ஜெசி கரையில பிரிச்சு வெச்ச கட்டில் சட்டத்து மேல உட்கார்ந்து அழுதா. ஆனந்தக் கண்ணீர். நானும் பக்கத்துல உட்கார்ந்தேன். "அப்பா"ன்னா. "நான் இதை ஏன் வாங்கினேன் தெரியுமா? ஏழடி அகலம்தான் இருக்குன்னு வாங்கினேன்." சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்தா. சின்ன வயசுல இருந்தே அவ கணக்குல கொஞ்சம் வீக். ஏழடியில எட்டு பேர் தாராளமாப் படுக்கலாம்னு அவளுக்குத் தோணவே இல்ல. "அதான் அப்பா வந்தேன்ல"ன்னு முதுகைத் தடவிக் குடுத்தேன். அவ இன்னும் கொஞ்சம் அழுதா.

ரெண்டு நாள் என்கிட்ட பேசல. களைப்பு. நான் கட்டிலைத் திரும்ப மாட்டிக் குடுத்துட்டு, பாக்கி இருந்த பின் ரூம் இன்சுலேஷனை முடிச்சேன். ஒரு விரல் இடுக்கு விடல. மூலையில கூட ரோமத்தைப் பிச்சுப் பிச்சு அடைச்சேன். கூரையில காத்துப் போக்கியைச் சுத்தம் பண்ணி வெச்சேன், கதகதப்பு வேணும்னு மூச்சை அடைக்கக் கூடாதுல்ல. ஒவ்வொரு ஸ்க்ரூவை முறுக்கும்போதும், 'போச்சு, இவ வரமாட்டா, போச்சு, இவ வரமாட்டா'ன்னு மனசு சொல்லிக்கிட்டே இருக்கு. கை கேக்கணுமே.

மூணாம் நாள் காலையில, வெளிய ஐஸ் மாதிரி மழை. ஜெசி ரெண்டு டம்ளர்ல டீ போட்டுக்கிட்டு வந்து அந்த சைடு லோயர்ல ஒரு பக்கம் உட்கார்ந்தா. இன்னொரு டம்ளரை எதிர்ல வெச்சா. நான் போய் உட்கார்ந்தேன். சன்னல் வழியா மழையைப் பார்த்தோம். நான் வெறும் பனியன்ல உட்கார்ந்திருக்கேன், வேர்க்குது. அப்பத்தான் கவனிச்சேன், அவ இருமவே இல்ல. அன்னைல இருந்து நான் கிளம்பற வரைக்கும் ரெண்டு வாரம், தினம் அதே மாதிரி டீ. அவ நைட் டியூட்டி முடிஞ்சு வந்தாலும் சரி, பகல் டியூட்டிக்குப் போறதுக்கு முன்னாடியும் சரி.

அங்க இருந்தே பிலோமினாவுக்குப் போன் போட்டேன். "என்னங்க, வீடா, இல்லையா?"ன்னு கேட்டா. ஜெசி எதிர்ல டம்ளரைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறா. இல்லைன்னு ஒரு வார்த்தை, மறுநாளே டிக்கெட் போட்டுக் கூட்டிட்டு வந்திருப்பேன். வாய் வரைக்கும் வந்துச்சு தம்பி. "வீடுதான், பிலோ"ன்னேன். "நம்ம வீட்டை விட நல்லா இருக்கு." அப்புறம், "இருமுறாளா?"ன்னு கேட்டா. "இல்ல"ன்னேன். "சரி"ன்னு வெச்சுட்டா.

இருங்க, போன் அடிக்குது. அவதான்! நூறு ஆயுசு. சொல்லும்மா ஜெசி... ஆமா, செங்கல்பட்டு தாண்டிருச்சு... சாப்பிட்டேன், லூர்து புளிச்சோறு கட்டிக் குடுத்துச்சு... என்னது? கழட்டிட்டியா? எத்தனை?... ஏழா?... ம்... கிரகாம் சாரா ஸ்க்ரூ பிடிச்சாரு?... எரியுதா?... ம்... எரியும், எரியும், நல்லாக் காய்ஞ்ச பைன் பலகை... எதை விட்டு வெச்ச?... ம்...

தம்பி, பெர்த்தை எல்லாம் கழட்டிட்டாளாம். நான் ஏர்போர்ட்டுக்கு ஏறின அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கா. பாதி புத்தக அலமாரி, பாதி அடுப்புல. ஒரே கதகதப்பாம். கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா சைடு லோயரையும் சங்கிலியையும் தொடலையாம். இப்ப அதுலதான் டீ குடிச்சுக்கிட்டு இருக்காளாம். "எதிர் சீட்டு காலியா இருக்குப்பா"ங்கறா.

பாத்தீங்களா? பாத்தீங்களா! பொண்ணு தனியாக் கிடந்து தவிக்கிறா. இருங்க... ஜெசி, அழாதம்மா. கவலையே படாத. லூர்து அத்தைக்கு பாஸ்போர்ட் வந்துருச்சு. அடுத்த மாசமே ஏத்தி விடறேன், அந்த சீட்டுல வந்து உட்கார்ந்துக்கும்... ஹலோ? ஹலோ? ஜெசி?

கட் ஆயிடுச்சு. டவர் இல்ல போல, இந்தப் பக்கம் எப்பவுமே இப்படித்தான்.

ஏதோ மெசேஜ் வந்த மாதிரி இருக்கு. என் மூக்குக் கண்ணாடி பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. அவதானே? என்ன போட்டிருக்கா? 'அத்தை வேண்டாம். நீங்க மட்டும்.' அவ்வளவுதானா? கீழ ஒண்ணும் இல்லையா?

நீங்க மட்டும்.

இதை லூர்துகிட்ட எப்படிச் சொல்றது? சூட்கேஸ் வேற வாங்கி வெச்சிருக்கு. சரி, அது கிடக்கட்டும். டீக்காரர் வராரு, ரெண்டாச் சொல்றேன். நீங்க போனைக் குடுத்துடாதீங்க. இன்னொரு தடவை படிங்க தம்பி.